வெள்ளை மாத்திரையை நிறுத்திய ஆறு நாட்கள்

என் மனைவியின் முகம் வீங்கியிருந்த நாட்களில் அவளை நான் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. எங்கள் தலைமையாசிரியர் வீட்டுக் கல்யாணம். கோவில்பட்டியில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் மண்டபம். அவள் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டில்மேல் விரித்து வைத்திருந்தாள்.

"ரொம்ப நேரம் உக்கார வேண்டியிருக்கும். உனக்கு ஆகாது. நீ வீட்டுலயே இரு" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஆமா, முட்டு வலிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சேலையை மடித்தாள். அன்றைக்கு அவளுக்கு முட்டுவலி இல்லை. அது எங்கள் இருவருக்குமே தெரியும். மண்டபத்தில் கேட்டவர்களிடமெல்லாம் அவளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். ஒரு பொய் சொல்லிவிட்டால் அடுத்தது சுலபமாக வரும் என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

நான் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் வாத்தியார். எனக்குச் சொந்த ஊர் இடைசெவல் பக்கம், அவளுக்குக் கழுகுமலைப் பக்கம். இரண்டு வீட்டிலும் கரிசல் வெள்ளாமைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோவில்பட்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே மகள். தொண்ணூறுகளின் கடைசியில், மகள் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி அவள் அம்மா வீட்டுக் காட்டில் மிளகாய்ப்பழம் எடுக்கக் கூடமாட நின்றுவிட்டு வந்தாள். அந்த வாரம்தான் விரல்கள் வலிக்கத் தொடங்கின. பழம் பறித்த வலி என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். மாதம் ஒன்றானது, இரண்டானது, வலி போகவில்லை. காலையில் இடுக்கியைப் பிடித்துச் சட்டியை இறக்க முடியவில்லை. துணியைப் பிழிய முடியாமல் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டாள். கடைசியில் ஒருநாள் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தவள் பாதியில் விட்டுவிட்டு, விரல்களை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மதுரையில் எலும்பு மூட்டு வாத நோய்க்கென்றே இருக்கிற டாக்டரிடம் போனோம். முடக்குவாதம் என்றார். உடம்பே தன் மூட்டுகளை எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய், ஒரேயடியாகக் குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட ஒரு மஞ்சள் மாத்திரை. அது வேலை செய்யத் தொடங்க மாதக்கணக்காகும். அதுவரை தாங்குவதற்குத் தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளை மாத்திரை. அது ஸ்டீராய்டு.

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கட்டாயம் வாங்க" என்றார் டாக்டர். "இந்த வெள்ளை மாத்திரைய நான் பாத்துப் பாத்துக் கொறைக்கணும். நீங்களா நிறுத்திறக் கூடாது. அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க."

பத்தே நாளில் அவள் துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நாங்கள் மூவரும் அன்றைக்கு ஒரு நல்ல நாளைக் கழித்தோம்.

இரண்டு மாதம் கழித்து ஒருமுறை போனோம். அதற்கடுத்த முறை எனக்குக் காலாண்டுத் தேர்வு. அதற்கடுத்த முறை வேறு ஏதோ. பழைய சீட்டைக் காட்டினால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கொடுத்தார்கள். நான் வாங்கி வந்துகொண்டே இருந்தேன். டாக்டர் குறைத்திருக்க வேண்டிய மாத்திரை குறையாமலே எட்டு மாதம் போனது. அவள் மதுரைக்குப் போகலாமா என்று கேட்காமல் இல்லை. "நல்லாத்தான இருக்க, பெறகென்ன" என்பேன்.

அவள் முகம் உருண்டையானது. கன்னம் இரண்டும் உப்பி, கண்கள் சிறுத்தன. தாடையோரம் பூனைமுடி வளர்ந்தது. எந்நேரமும் பசித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள், "என்னக்கா, நல்லாத் தேறிட்டீக" என்றார்கள். அதை அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், கடைவீதியில் எங்களைப் பார்த்துவிட்டு மறுநாள், "சார், நேத்து உங்ககூட வந்தது உங்க அக்காவா?" என்று கேட்டார். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. நான், "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

இதை இன்றுவரை என் மனைவியிடம் சொன்னதில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் வந்திருந்தது. தன் உடம்பில் எது நோய், எது மாத்திரை என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு பேச்சோடு பேச்சாகச் சொல்லுவாள்.

"காலையில எந்திரிச்சதும் ரெண்டு கையும் ஒருபோல இறுகிக் கெடக்கும். வெந்நியில வச்சா எளகும், பத்து மணிக்கு மேல சரியாயிரும். அது நோய். ஞாயித்துக்கெழம மாத்தர போட்டா திங்கக்கெழம கொமட்டும், வாய் கசக்கும், செவ்வாக்கெழம சாயந்தரம் போயிரும். அது மஞ்ச மாத்தர. இந்தப் பசியும் மூஞ்சியும் வெள்ள மாத்தர. ஒண்ணுதான் தெரியல. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல. வலியே இல்ல, தொடையில வலு இல்ல. நோயின்னா வலிக்கணும்லா? டாக்டர்ட்ட இத மட்டும் கேக்கணும்."

"எதுக்குக் கேக்கணும்? அதுவும் ஸ்டீராய்டுதான். தசையக் கரைச்சிரும்" என்றேன். ஒரு மருத்துவப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்திருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடத்துகிறவன் நான். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைக் கரும்பலகையில் அழகாக வரைவேன். நான் சொன்னது சரியாகவும் இருந்தது. தொடையின் வலுவைக் குறைத்தது அந்த மாத்திரைதான் என்று பின்னால் டாக்டரும் சொன்னார். அந்தப் பாதிச் சரிதான் என்னைக் கெடுத்தது.

தை கடைசியில் என் தம்பிக்குக் கல்யாணம் என்று முடிவானது. தலைமையாசிரியர் வீட்டுக் கல்யாணத்தைப் போல இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மூத்த மருமகள் அவள். மணமேடையில் நிற்க வேண்டும், போட்டோவில் வர வேண்டும். ஊர் முழுக்கப் பார்க்கும். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. மாத்திரையை நிறுத்தினால் அதற்குள் முகம் வற்றிவிடும் என்று கணக்குப் போட்டேன். அவள் உடம்புக்காக நிறுத்துகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தசை கரைகிறது, எலும்பு கரைகிறது, இது விஷம், இப்படி எத்தனையோ. அவ்வளவும் புத்தகத்தில் இருந்தது. முகம் என்கிற ஒரு வார்த்தையை மட்டும் நான் எனக்குள்கூடச் சொல்லவில்லை.

டாக்டர் சொல்லாமல் நிறுத்த அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். எடுத்த பெண், டாக்டர் நோயாளி பார்த்துக்கொண்டிருக்கிறார், அரை மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்றாள். நான் வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அரை மணி நேரம் ஆனது. நான் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, "டாக்டர்ட்ட பேசிட்டேன். வெள்ள மாத்திரைய நாளையிலேருந்து நிறுத்தச் சொல்லிட்டாரு" என்றேன்.

"அவரே சொன்னாரா? கொறைக்காம ஒரேயடியாவா?"

"மஞ்ச மாத்திரை வேல செய்ய ஆரம்பிச்சிருக்குமாம். இனிமே இது வேண்டாமாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "சரி" என்றாள்.

புதன்கிழமை நிறுத்தினோம். வியாழக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கை, முட்டு, தோள், தாடைகூட வலித்தது. "நோய் திரும்பி வந்துட்டு" என்றாள். "நோய் இல்ல. மாத்திரை உடம்ப விட்டுப் போகுது, அதான். ஒரு வாரம் பொறுத்துக்கோ" என்றேன். சனிக்கிழமை இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. எட்டு மாதமாகப் பசித்துக்கொண்டே இருந்தவள் தட்டைத் தள்ளி வைத்தபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்தது. பசி அடங்குகிறது, அடுத்து முகம் வற்றும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் வாந்தி எடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தவள் அப்படியே சறுக்கி உட்கார்ந்தாள். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கெழமைல்லா, கொமட்டத்தான செய்யும்" என்றேன்.

"இல்லங்க. இது திங்கக்கெழமக் கொமட்டல் இல்ல. எனக்குத் தெரியும். இது வேற." அவளுக்குப் பேச மூச்சு வாங்கியது. "உள்ள என்னமோ அணஞ்சுக்கிட்டே வாரமாரி இருக்கு. இன்னைக்கு ஒருநா லீவு போடுங்களேன்."

"நீயா எதையாவது நெனச்சுக்கிடாத. மோர் கரைச்சுக் குடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். மகள் எனக்கு முன்பே பள்ளிக்கூடம் போயிருந்தாள். அன்றைக்கு இரண்டாவது பிரிவேளையில் நான் எதைப் பற்றிப் பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை. நல்ல வேளை, சுரப்பிகள் இல்லை.

பக்கத்து வீட்டில் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து சரக்கு வாங்கிவந்து வீட்டிலேயே பெட்டி ஒட்டுகிற ஒரு பெண் இருந்தாள். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுவாள். பசை காய்ச்ச மைதா மாவு கேட்டு வந்தவள், கதவு திறந்து கிடக்க, அக்கா தரையில் கிடந்ததைப் பார்த்தாள். பசை ஒட்டிய கையோடு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பள்ளிக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டுக்கு மேல்.

கட்டிலில் கிடந்தவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வீங்கிய முகம் அப்படியே இருந்தது. அதில் இரத்தமே இல்லை. கையைத் தொட்டேன், சில்லென்று ஈரமாக இருந்தது. டியூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். இரத்த அழுத்தம் கீழே கிடக்கிறது, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றியும் ஏறமாட்டேன் என்கிறது என்றார். மருந்துச் சீட்டைக் கேட்டார். கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஸ்டீராய்டு எடுத்துக்கிட்டிருக்காங்களா? நடுவுல நிறுத்தினீங்களா?"

அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அந்த நேரத்தில் எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. கரும்பலகையில் நான் வரைகிற அந்தத் தொப்பி கண்முன்னால் வந்தது. வெளியிலிருந்து மருந்தாக வந்துகொண்டே இருந்தால் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிப்போகும், திடீரென்று நிறுத்தினால் அது விழித்துக்கொள்ள நாளாகும் என்பது அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் படித்துமிருந்தேன்.

"இல்ல டாக்டர். ஒழுங்காத்தான் சாப்பிடுதா" என்றேன்.

அவர் குழம்பினார். வேறு ஏதோ விஷக்காய்ச்சலோ, சாப்பாட்டில் ஏதாவதோ என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு நின்றேன். எத்தனை நிமிடம் என்று சொல்லத் தெரியவில்லை. சுவரோரம் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்தான் முன்னால் வந்தாள். விரல்களில் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"டாக்டரய்யா, அக்கா வெள்ள மாத்தரைய நிறுத்தி ஆறு நாளாச்சு. புதங்கெழமையே என்ட்ட சொன்னாவ. மதுர டாக்டர் போன்ல சொன்னாராம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு ஒரு ஊசியின் பெயரைச் சொன்னார். ஓடிப்போய் எடுத்துவந்து நரம்பில் போட்டார்கள். சாயந்தரம் நான்கு மணிவாக்கில் அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். ஐந்து மணிக்குத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். இவ்வளவு சீக்கிரமாக ஒரு ஆள் திரும்பி வர முடியும் என்றால், இவ்வளவு சின்ன விஷயத்துக்காகத்தான் போக இருந்தாள் என்று தோன்றியது.

வார்டைச் சுற்றி வந்த அதே டாக்டர் கட்டில் அருகில் நின்றார். "எந்த டாக்டர்மா ஒரேயடியா நிறுத்தச் சொன்னது? அப்படி யாரும் சொல்ல மாட்டாங்களே. நான் அவர்ட்ட பேசணும். நம்பர் குடுங்க."

நான் நம்பரைத் தேடுவது போலச் சட்டைப்பையில் கையை விட்டேன்.

"யாரும் சொல்லல டாக்டர்" என்றாள் அவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "நானாத்தான் நிறுத்துனேன். இவியளுக்குத் தெரியாது. டாக்டர் சொன்னாருன்னு பக்கத்து வீட்டுல பொய் சொல்லிட்டேன். மூஞ்சி வீங்குது, பாக்க நல்லால்லன்னு."

டாக்டர் அவளைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். "படிச்ச வாத்தியார் வீட்டுல இருந்துக்கிட்டு, அழகுக்காக உயிர விடப் பாத்தீங்களேம்மா. ஒரு பொம்பளப்புள்ள இருக்குதுல்ல உங்களுக்கு?" அடுத்த கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். "சார், நீங்கதான் இனிமே பாத்துக் குடுக்கணும்" என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னார். நான், "சரி டாக்டர்" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண் அங்கேதான் நின்றாள். போன் பேசியதாகச் சொன்னது நான்தான் என்று அக்கா முன்பே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருந்த மூன்று வருடமும் அவள் என்னிடம் நேராகப் பேசியதில்லை.

மதுரை டாக்டரிடம் உடனே போனோம். மாத்திரையைப் பழைய அளவில் தொடங்கிப் பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். தொடை வலுவைப் பற்றி அவள் கேட்டபோது, "கரெக்டா கவனிச்சிருக்கீங்கம்மா. வலி இருந்தா நோயின்னும், வலியில்லாம வலு மட்டும் கொறஞ்சா மருந்தா இருக்கலாம்னும் நாங்களே இப்படித்தான் யோசிப்போம். இத முன்னாடியே வந்து சொல்லியிருந்தா அப்பவே கொறைச்சிருப்பேன்" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

தம்பி கல்யாணத்துக்கு அதே முகத்தோடு வந்தாள். மேடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சொந்தக்காரப் பெண்கள் இரண்டொருவர் ஏதோ சொன்னார்கள், அவள் ஏதோ பதில் சொன்னாள், சாப்பிடப் போய்விட்டார்கள். நான் பயந்தது அவ்வளவுதான். போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறேன்.

ஒரு வருடத்தில் முகம் பழையபடி ஆனது. ஒருநாள் காலையில் அவள் ஜன்னலோரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், தாடை தெரிந்தது, எங்கள் கல்யாணத்தில் பார்த்த அதே முகம். எனக்குள் சந்தோஷம் பொங்கியது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எதற்குச் சந்தோஷப்பட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்தது. மறுபடியும் சொளகைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

மதுரை டாக்டரின் குறிப்பில், நோயாளி தானாக மருந்தை நிறுத்தியவர் என்று ஏறியிருந்தது. ஒவ்வொரு முறையும் கடைசியாக அவர், "நீங்களா எதையும் நிறுத்திராதீங்கம்மா" என்பார். அவள், "இல்ல டாக்டர்" என்பாள். ஐந்தாறு வருடம் இந்தப் பேச்சை நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். மகள் கல்லூரிக்குப் போன வருடம், ஒருமுறை அவர் அப்படிச் சொன்னபோது, நான் திடீரென்று, "அது இவ நிறுத்தல டாக்டர். நான்தான் உங்ககிட்ட பேசாமலே பேசிட்டேன்னு பொய் சொல்லி நிறுத்தினேன்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். இருவரையும் பார்த்தார். "சரி, அடுத்த மாசம் ரத்தம் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வெளியே அவ்வளவு பேர் காத்திருந்தார்கள்.

பஸ் திருமங்கலம் தாண்டியது. அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இப்ப எதுக்குச் சொன்னீங்க? உங்க மனசு லேசாகுறதுக்கா?"

"நீ ஏன் அன்னைக்கு எனக்காகப் பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"உங்களுக்காகன்னு யார் சொன்னா? நீங்க போன் பேசலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பொய் சொன்னா உங்களுக்குக் குரல் வாத்தியார் குரலா ஆயிரும்."

"தெரிஞ்சுமா நிறுத்துன?"

"தெரிஞ்சுதான் நிறுத்துனேன். அந்தக் கல்யாணத்துல உங்க பக்கத்துல நிக்கணும்னு எனக்கும் இருந்துச்சு. அந்த மூஞ்சியோட நிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. மொதல்ல எனக்கு அந்த வெக்கம் இல்ல. பக்கத்துவீட்டுக்காரிக சொன்னப்பல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க தலைமையாசிரியர் வீட்டுக்குத் தனியாப் போனீங்கல்லா, அன்னைக்குத்தான் வந்துச்சு."

அதன்பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா என்று தெரியவில்லை. சாத்தூரில் பஸ் நின்றபோது ஒரு பெண் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு வந்தாள். வாங்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கண்ணைத் திறக்கவில்லை.